ஜம்போவுக்கு மேல் ஒரு சொல்

எழுதத் துணிந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். பட்டப்படிப்பில் ஆங்கிலம் பயின்றவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. நடந்த தவறுக்கும் அந்தத் தகுதியே காரணம்.

என் நாத்தனாரின் கேக் கடையில் ஒரு மாதச் சோதனைக்கு என்னைச் சேர்த்திருந்தார்கள். ஆர்டரைச் சீட்டில் எழுதி, சிறு ஜன்னல் வழியே சமையற்கட்டுக்குள் நீட்டுவது என் பணி. மாதம் முடிய இரண்டு நாட்களே எஞ்சியிருந்தன. நாற்பத்திரண்டு வயதில் எனக்கென்று கிடைத்த முதல் நாற்காலி அது. அதை இழந்துவிடக் கூடாதே என்று மிகவும் அஞ்சியிருந்தேன்.

அந்தக் கடையில் எடையை எண்ணால் எழுதுவதில்லை. கேக் செய்யும் மாஸ்டரின் ஈரக் கை பட்டு, சீட்டில் ஒன்று ஒருமுறை ஏழாகிவிட்டதாம். அதுமுதல் ஸ்மால், மீடியம், லார்ஜ், ஜம்போ என்ற நான்கு சொற்கள்தாம். சொல்லுக்கு ஓர் அச்சு. மாஸ்டரோ எள் என்றால் எண்ணெயாக நிற்பவர்.

நாத்தனார் வெளியூர் சென்றிருந்த வேளையில் ஓர் அலுவலக மேலாளர் வந்தார். ஓய்வுபெறும் ஊழியருக்குப் பிரிவுபசாரமாம்.

"ஜம்போவ விட ஒரு சுத்து பெருசா வேணுங்க. நாளைக்குச் சாயங்காலம் வரேன்."

அதை அப்படியே எழுத என் படிப்பு இடங்கொடுக்கவில்லை. 'கொலோசல்' என்று எழுதி நீட்டினேன்.

"மேடம், இது எவ்ளோ பெருசுங்க?" என்று மாஸ்டர் ஜன்னலில் தலை நீட்டினார்.

'சற்றே பெரிது' என்று நிறுத்தியிருக்கலாம். ஆனால் என்னிடம் ஒருவர் சொற்பொருள் கேட்டு இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. 'பிக்' என்பதற்கு மேல் 'ஹ்யூஜ்', அதற்கும் மேல் இது; பண்டைய பேருருவச் சிலைகளின் பெயரிலிருந்து பிறந்தது; அண்ணாந்து பார்க்கத் தக்கவற்றுக்கே உரியது; முன்னால் 'வெரி' சேர்ப்பது அழகன்று என்றெல்லாம் விளக்கினேன்.

"சிலை சைஸ்ல இருக்கறப்போ வெரி எதுக்குங்க!" என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது. கேக் கடையில் சுத்தியல் எதற்கு என்று வினவுவது மரியாதையாகாது என்றிருந்துவிட்டேன்.

மாலையில், ஊரிலிருந்து திரும்பிய நாத்தனாரும் மேலாளரும் நானும் உள்ளே சென்றோம். சாமான் அறையின் இரட்டைக் கதவுகளைக் கழற்றி, நான்கு நாற்காலிகளின்மேல் அருகருகே கிடத்தி, அவற்றின்மேல் மாஸ்டர் கேக்கை எழுப்பியிருந்தார். ஏணியில் நின்று 'நன்றி' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"இத வெட்டணுமா, இல்ல ரிப்பன் வெட்டித் திறந்து வைக்கணுமா?" என்றார் மேலாளர். "நாங்க இருபத்தஞ்சு பேர்தாங்க!"

"சீட்டெழுதச் சொன்னா சிலை வச்சிட்டீங்களே அண்ணி! கொஞ்சம் பெருசுன்னு எழுதினா கை சுளுக்கிக்குமா?"

"மேடம் மேல தப்பில்லம்மா," என்று மாஸ்டர் பரிந்து வந்தார். "அர்த்தமெல்லாம் வெவரமாத்தான் சொன்னாங்க."

"அப்படியா? நாளையிலேருந்து வீட்ல அண்ணனுக்கு அர்த்தம் சொல்லட்டும்."

கடை வாசல் ஒற்றைக் கதவு அகலம். சாய்த்தால் கேக் சரியும். நடுவே அறுத்தோம். 'றி' வெளியே போயிற்று. 'நன்' உள்ளேயே நின்றது. நிற்கும்போதே நாற்காலிகள் முறிந்தன.

இழந்தவை: முட்டை நூற்று நாற்பது. கீல் ஆறு. நாற்காலி ஐந்து, கேக்கின் பாரத்தில் முறிந்தவை நான்கு, என்னுடையது ஒன்று.