வால் மாறிய கரடி

கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. கண்ணாடிக்குள் ஒரு கரடி திரும்பி நின்ற கதையைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெயின்டர் இருந்தார். கடைக் கண்ணாடிகளில் பெயர் எழுதுவது அவர் தொழில். உள்ளே நின்று எழுத்தை இடவலம் மாற்றி எழுதுவார். வெளியிலிருந்து பார்த்தால் முத்து முத்தாக நேரே தெரியும். அவர் மனைவி கோளரங்கத்தில் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்டியவள். பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது. அவளுக்குத்தான் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது. மாதக்கணக்காக ஒரு சொல் இல்லை. கண் மட்டும் கூரையையே பார்த்துக் கிடந்தது.

"நாம சொல்றது அம்மாவுக்குப் புரியுதாப்பா?" என்று மகள் தினமும் கேட்பாள்.

கூரையைத்தானே பார்க்கிறாள் என்று, அவளுடைய வான்படத்தை வைத்துக்கொண்டு ஒரு பெரிய கண்ணாடியின் பின்பக்கம் பெருங்கரடியின், நாம் சப்தரிஷி என்கிறோமே, அந்த ஏழு நட்சத்திரங்களை வரைந்தார். பக்கத்தில் அரபிக்காரர்கள் வைத்த பெயர்கள்: துபே, மெராக், ஃபெக்தா, மெக்ரெஸ், அலியோத், மிஸார், வால் நுனியில் அல்கைத்.

"இதுக்கெல்லாம் என்னப்பா அர்த்தம்?"

"துபேன்னா கரடி. மெராக் இடுப்பு, ஃபெக்தா தொடை, மெக்ரெஸ் வால் முளைக்கிற இடம். கல்யாணமான புதுசுல உங்கம்மா இதையெல்லாம் சொல்லிக்கொடுத்து, கேள்வி கேட்டே என்னைக் கொன்னுட்டா."

"கறிக்கடை மாதிரியில்ல இருக்கு!"

கண்ணாடியைக் கூரையில் பொருத்தி விளக்கைப் போட்டார். ஏழும் மினுங்கின. கட்டிலில் கிடந்தவளின் கண் விரிந்தது. நெற்றி சுருங்கியது.

"அல்...கைத்... இந்தப் பக்கம் இல்ல."

ஏணியில் நின்றவர் கையிலிருந்த திருப்புளி நழுவித் தரையில் விழுந்தது. பேசியது யாரென்று அப்பாவும் மகளும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்களாம்!

"வால்... அந்தப் பக்கம்," என்றாள் மறுபடியும்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எழுத்தையெல்லாம் பழக்கத்தில் திருப்பி எழுதிய கை, புள்ளிக்கு ஏது இடமும் வலமும் என்று நட்சத்திரங்களைப் படத்தில் இருந்தபடியே வைத்துவிட்டது. கீழே கிடந்து பார்த்தவளுக்குக் கரடி திரும்பி நின்றது.

அவர் ஏணியிலேயே உட்கார்ந்து விம்மினார். "திட்டு தாயே, இன்னும் நல்லாத் திட்டு!"

"அழிச்சு... எழுது."

"அப்பா, அழிச்சுடாதீங்க!" மகள் அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "நாளைக்கும் திட்டட்டும்!"

அழிக்கவில்லை. கரடி இன்றும் திரும்பியேதான் நிற்கிறது. அவளும் சொல்லி ஓயவில்லை.

உங்கள் வீட்டிலும் குறை சொல்லும் வாய் ஒன்று நீடூழி ஓயாமல் இருக்கட்டும். உங்கள் கூரைக்குக் கீழே பேச்சுச் சத்தம் நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா.