ஜோடிக் கணக்கு

ராஜகீழ்ப்பாக்கத்துச் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை வேன் பிடித்து எங்கேயாவது போகும். சில வருஷங்களுக்கு முன் மகாபலிபுரம் போனபோது ஒரு அம்மாளைக் கழிவறையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். கேளம்பாக்கம் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்து, வேனைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள். அந்த அம்மாள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி எல்லார் வாயையும் அடைக்கிறாள்.

அதற்குப் பிறகு செயலாளர் ஜெயசீலி ஒரு வழி கண்டுபிடித்தாள். தலையை எண்ணுவது வேலைக்காகாது. எண்ணி முடிப்பதற்குள் நாலு பேர் சீட்டு மாறி உட்காருவார்கள், இரண்டு பேர் சுண்டல் வாங்க இறங்குவார்கள். அதனால் எல்லாருக்கும் ஜோடி. இயேசுவே சீஷர்களை இரண்டிரண்டு பேராகத்தானே அனுப்பினார்? வேன் கிளம்பும்போது ஜெயசீலி, "யாருக்காவது ஜோடி வரலையா?" என்று கத்துவாள். யாரும் கை தூக்காவிட்டால் எல்லாரும் வந்தாயிற்று என்று அர்த்தம். அருமையான ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. ஜோடி உள்ளவர்களுக்கு.

ரத்தினபாயின் ஜோடி ஹெப்சி. போன டிசம்பரில், கிறிஸ்துமஸ் மரத்துக்கு நட்சத்திரம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போன ஹெப்சி அன்று சாயங்காலமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். அவ்வளவுதான். சங்கத்தில் அவளுக்கு மாலை போட்டார்கள், பாட்டுப் பாடினார்கள், ஜோடிப் பட்டியலை மட்டும் யாரும் தொடவில்லை.

இந்த வருஷம் குன்றத்தூர் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் தனியார் மியூசியத்துக்குப் போவதென்று முடிவானது. எகிப்து நாட்டுப் பழம்பொருள்கள் வந்திருக்கிறதாம், மம்மிகூட உண்டாம். எகிப்து என்றதும் சங்கத்துக்கே உற்சாகம் வந்துவிட்டது. மோசே பிறந்த ஊராயிற்றே! யோசேப்பு சிறையில் கிடந்த ஊர்! பார்வோன் இருதயத்தைக் கடினப்படுத்திக்கொண்டு அழிந்துபோன ஊர்! பாஸ்டரம்மா அருள்மேரி அந்த ஞாயிறு அறிவிப்பிலேயே, "வேதத்தைக் கண்ணால பாக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் வேன் கிளம்பியது. "யாருக்காவது ஜோடி வரலையா?" என்று ஜெயசீலி கத்தினாள்.

ரத்தினபாய் கையைத் தூக்கினாள்.

ஜெயசீலி ஒரு நொடி முழித்தாள். பிறகு சிரித்தாள். "டீச்சர், உங்களுக்குக் கர்த்தரே ஜோடி!" வேனே சிரித்தது. நல்ல மனசோடு சொன்னதுதான், ரத்தினபாயும் சிரித்து வைத்தாள். ஆனால் தூக்கிய கையை இறக்குவதற்குள் அவளுக்குக் காது மடல் வரை சூடேறிப் போனது.

அவளுக்கு இடம் டிரைவர் சுகுமாருக்குப் பின்னால் இருந்த ஒற்றை சீட்டு. காலடியில் தன் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டாள். எலுமிச்சை சாதம், எல்லாருக்கும் ஒரு வாய் கொடுக்கிற அளவுக்கு. அந்த எவர்சில்வர் டப்பா அவள் கணவர் தேவானந்தம் தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிக் கொடுத்தது. பாத்திரக்கடையிலேயே நின்று, மூடியில் 'தே. ரத்தினபாய்' என்று புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டி வாங்கி வந்தார். மனுஷர் போய்ச் சேர்ந்துவிட்டார், வெட்டிய பெயர் அப்படியே இருக்கிறது. மகன் ஆஸ்டின் கனடாவில். அவனுக்கு அவள் அம்மா. சபைக்கு அவள் டீச்சர், இருபது வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொன்னதால் வந்த பெயர்; சங்கத்துப் பட்டியலிலும் அதுதான். செம்பாக்கத்துத் தெருவில் அவள் ஏரிக்கரை ஆன்ட்டி. 'ஏ ரத்தினம்' என்று வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் ஹெப்சி ஒருத்திதான். டிசம்பருக்குப் பிறகு அந்தப் பெயரை யார் வாயிலிருந்தும் அவள் கேட்கவில்லை.

மியூசியத்துக்குள் நுழைந்ததும் சங்கம் நாலு பக்கமும் சிதறியது. ஐஸ் மாதிரி ஏ.சி. மங்கலான வெளிச்சம். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பூனைத் தலை, நரித் தலை, கழுகுத் தலை வைத்த சிலைகள்.

"ஐயோ, எல்லாம் விக்கிரகமா இல்ல இருக்கு!" என்று பாஸ்டரம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அங்கே நின்றிருந்த ஊழியப் பெண்ணின் சட்டையில் ஸ்நேகா என்று பெயர் குத்தியிருந்தது. பாஸ்டரம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, மோசேயோட கோல் எந்த ரூம்ல இருக்கு?"

"அது இந்த எக்ஸிபிஷன்ல இல்லைங்க மேடம்."

"யோசேப்போட பலவர்ண அங்கி?"

"அதுவும் இல்லைங்க."

"அடுத்த வாரம் வருமா?"

ஸ்நேகா பாவம், சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். செங்கடலும் இல்லை, வாதைகளும் இல்லை என்று தெரிந்ததும் சங்கத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வாசலில் இருந்த பெரிய பிரமிட் பொம்மைக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளக் கூட்டம் நகர்ந்தது.

ரத்தினபாய்க்கு முழங்கால் வலி. அவள் மெதுவாக ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மோசே இல்லாவிட்டால் என்ன? ஒரு பெட்டியில் பல் உடைந்த சீப்பு. ஒன்றில் நாரில் பின்னிய செருப்பு, இடது குதிகால் தேய்ந்து போயிருந்தது. இன்னொன்றில் கல்லாகிப்போன ஒரு ரொட்டி. யாரோ ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சுட்டது. செத்தவர்களுக்குப் பசிக்கும் என்று வைத்தார்களாம். ஹெப்சியின் சவப்பெட்டிக்குள் ஒரு வேதப் புத்தகத்தை மட்டுமே வைத்து அனுப்பினார்கள். அவளோ கண்ணாடி இல்லாமல் ஒரு வரி படிக்க மாட்டாள். அந்தக் கண்ணாடி ஞாபகம் யாருக்குமே வரவில்லையே, எனக்கும் வரவில்லையே என்று ரத்தினபாய் அங்கேயே நின்று கலங்கினாள்.

கடைசியில் ஒரு சின்ன அறை. நடுவில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் துணி சுற்றிய உடம்பு. எதிரே ஒரு பெஞ்சு. அப்பாடா என்று உட்கார்ந்தாள். சுவரில் தமிழிலும் எழுதியிருந்தார்கள். 'பெண். வயது சுமார் அறுபது. அக்காலத்தில் சவப்பெட்டிகளை முன்கூட்டியே செய்து, பெயர் எழுத மட்டும் இடம் விட்டுவைப்பது உண்டு. இந்தப் பெட்டியில் அந்த இடம் நிரப்பப்படவே இல்லை. ஒருவருடைய பெயரைச் சொல்ல ஆள் இருக்கும்வரை அவர் வாழ்கிறார் என்று எகிப்தியர் நம்பினர்.'

ரத்தினபாய் எழுந்து போய்க் குனிந்து பார்த்தாள். உண்மைதான். நீலமும் சிவப்புமாக வரிசை வரிசையாகச் சித்திர எழுத்து. நடுவில் ஒரு விரல்கடை அகலத்துக்கு வெறும் மஞ்சள். எழுதியவர் ஒருவேளை கேட்டிருப்பார், 'பேரு என்ன?' என்று. பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

"ஏன்டியம்மா," என்றாள் மெல்ல, "உனக்கும் ஜோடி போய்ச் சேர்ந்துட்டாளா?"

எவ்வளவு நேரம் அங்கே இருந்தாளோ. வெளியே வந்தபோது வேன் நின்ற இடத்தில் ஒரு ஆட்டோ நின்றுகொண்டிருந்தது.

வாசல் காவலாளி பச்சையம்மாவிடம் கேட்டாள். "இங்க நின்ன வெள்ளை வேன்?"

"அதுவா? அது போயி எவ்ளோ நேரமாச்சு. டிராபிக் ஆயிட்டா பேஜாரு, சீக்கிரம் ஏறுங்கன்னு டிரைவரு கத்திகினு இருந்தாரு. நீ அதுல வந்தியாமா? வுட்டுட்டா போய்ட்டாங்க?"

வேனுக்குள் நடந்தது கூடவே இருந்து பார்த்ததுபோல ரத்தினபாய்க்குத் தெரிந்தது. ஜெயசீலி கத்தியிருப்பாள், 'யாருக்காவது ஜோடி வரலையா?' எல்லாரும் பக்கத்தில் பார்த்திருப்பார்கள். அவரவர் ஜோடி அவரவர் பக்கத்தில். ஒரு கைகூடத் தூக்கப்பட்டிருக்காது. 'போலாம் ரைட்!'

போனை எடுத்தாள். ஜெயசீலியின் எண் வரை போய், விரல் நின்றுவிட்டது. கூப்பிட்டால் அலறிக்கொண்டு திரும்பி வருவார்கள், சந்தேகமே இல்லை. ஆயிரம் சாரி சொல்வார்கள். ஆனால் கூப்பிடாவிட்டால்? டீச்சர் எங்கே என்று ஒருத்தி, ஒரே ஒருத்தி, கேட்பாளா மாட்டாளா? அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. அறுபத்து நாலு வயதில் வர வேண்டிய வீம்பா இது? வந்துவிட்டதே, என்ன செய்ய?

"வருவாங்க," என்று பச்சையம்மாவிடம் சொல்லிவிட்டு, உள்ளே போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். மடியில் போன்.

பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று வந்து, "பேய் டா! பேய் டா!" என்று கத்திவிட்டுப் போனது. ஒரு கணவனும் மனைவியும் வந்து செல்ஃபி எடுத்தார்கள். இப்போது பல்லாவரம் தாண்டியிருப்பார்கள் என்று நினைத்தாள். தாம்பரத்தில் டீ குடிக்க நிறுத்துவார்கள், டீ கொடுக்கும்போதாவது ஒரு கிளாஸ் மிச்சமாகும். போன் அடிக்கவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. சிக்னலும் இருந்தது. எல்லாம் இருந்தது.

"மேடம், மூடற டைம் ஆச்சு," என்று ஸ்நேகா வந்து நின்றாள். "உங்க குரூப் போயிட்டாங்க போலயே? யாருக்காவது போன் பண்ணட்டுமா?"

"வேண்டாம்மா. வந்துகிட்டே இருக்காங்க." தேவ பிள்ளை பொய் சொல்லலாமா என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்.

எழுந்து போகும்போது பெட்டிக்குள் இருப்பவளைத் திரும்பிப் பார்த்தாள். விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்கள்.

குன்றத்தூர் பஸ் ஸ்டாப்பில் நின்றாள். மலைக்கோயிலில் விளக்குப் போட்டுவிட்டார்கள். கோயிலுக்கு வந்த குடும்பங்கள் மாலையும் கையுமாக ஆட்டோ பேசிக்கொண்டிருந்தன. அப்போது போன் அதிர்ந்தது.

அவள் எடுத்த அவசரத்தில் கைப்பை கீழே விழுந்தது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழு. ஜெயசீலி அனுப்பியிருந்தாள். 'ஒருவர்கூடக் குறையாமல் எல்லாரையும் பத்திரமாக வீடு சேர்த்த தேவனுக்கு ஸ்தோத்திரம்!' அதன் கீழே வரிசையாக ஆமென், ஆமென், கைகூப்பிய படங்கள். பிரமிட் முன்னால் எடுத்த போட்டோ. எல்லாரும் இருந்தார்கள், இரண்டிரண்டு பேராக.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜெயசீலி இன்னொரு படம் அனுப்பினாள். ரத்தினபாயின் டிபன் டப்பா.

'இது வேனில் கிடந்தது. மூடியில் தே. ரத்தினபாய் என்று பேர் வெட்டியிருக்கிறது. நம்ம சங்கத்தில் ரத்தினபாய் யாரு?'

'எங்க பெரியம்மா பேரு ரத்தினபாய். ஆனா அவங்க நாகர்கோவில்ல இருக்காங்க.'

'வேன்காரர் வீட்டுப் பாத்திரமா இருக்கும் சிஸ்டர்.'

'லெமன் ரைஸ் அப்படியே இருக்கு, கெட்டுப் போகல.' இது மறுபடியும் ஜெயசீலி. பக்கத்தில் ஒரு சிரிப்புப் படம்.

டப்பாவுக்கு ஆள் தேடுகிறார்கள். ஆளைத் தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. ரத்தினபாய்க்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பேர் வெட்டி வைத்தால் போதும் என்று நினைத்தாரே அந்த மனுஷர்! வெட்டினால் போதாது, அதைப் படித்தால் முகம் ஞாபகம் வர ஒருத்தி வேண்டும். அந்த ஒருத்தி கண்ணாடிகூட இல்லாமல் மண்ணுக்குள் கிடக்கிறாள்.

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். 'என்னுடையது.'

ஜெயசீலியின் பதில் உடனே வந்தது. 'அய்யோ டீச்சர், உங்க பேரா இது! இத்தனை வருஷம் தெரியாமப் போச்சே! இறங்கறப்ப மறந்துட்டீங்க போல. நாளைக்குச் சர்ச்சுக்குக் கொண்டு வரேன். கால் வலிக்கும், வெந்நீர் ஒத்தடம் குடுத்துட்டுப் படுங்க. குட் நைட் டீச்சர்.'

நான் இன்னும் இறங்கவே இல்லையே ஜெயசீலி என்று எழுதத்தான் நினைத்தாள். எழுதியும் விட்டாள். பிறகு அதை அழித்தாள். எழுதினால் அந்தப் பெண் இரவெல்லாம் தூங்காமல் அழுவாள், நல்ல பெண்தான். எல்லாருமே நல்லவர்கள்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டவாவது ஒரு கெட்டவர் இருந்திருக்கலாம்.

'சரி. ஸ்தோத்திரம்,' என்று அனுப்பினாள்.

தாம்பரம் பஸ் வந்தது. பெண்களுக்கு இலவசமான பஸ். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி, ஜன்னலோர சீட்டில் ஒண்டினாள். கண்டக்டர் கையில் மிஷினோடு ஒவ்வொரு சீட்டாக வந்தார்.

"எங்கம்மா போவணும்?"

"தாம்பரம். லேடீஸுக்கு ஃப்ரீதானே, டிக்கெட் எதுக்குப்பா?"

"ஃப்ரீதான்மா. ஆனா எத்தினி பேரு ஏறினாங்கன்னு கணக்கு கேப்பாங்கல்ல? ஒரு ஆள வுட்டுட்டாலும் செக்கிங்ல என் தலைதான் உருளும்." சீட்டு கிழிக்கப் போனவர், அவளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த சீட்டைப் பார்த்தார். "கூட யாராச்சும் கீறாங்களா, நீ ஒருத்திதானா?"

ரத்தினபாய் தன்னை அறியாமல் கையைத் தூக்கியிருந்தாள், வேனில் தூக்கியதுபோலவே. கண்ணிலிருந்து வழிந்ததை அந்தக் கையாலேயே துடைத்துக்கொண்டாள்.

"ஒருத்திதாம்ப்பா," என்றாள். "எண்ணிக்கோ."