ஒரகடத்தின் கடைசி உறைபனி

எங்கள் கம்பெனிக்கு மிளகாய் விதை விமானத்தில் வந்தது. அனுப்பியது தலைமையகம். அது இருப்பது வருஷத்தில் ஆறு மாதம் பனி கொட்டுகிற ஒரு நாட்டில். நாட்டின் பெயரை எழுதினால் எனக்கு மெமோ வரும், ஆகையால் விட்டுவிடுகிறேன். உலகம் முழுக்க இருக்கிற பதினான்கு ஃபேக்டரிகளுக்கும் ஒரே மாதிரிப் பெட்டி போயிருந்தது. பெட்டிக்குள் அறுபது விதை, நாற்றுத் தட்டு, தட்டுக்கு அடியில் போடச் சூடேற்றும் பாய், பூவுக்குப் பூ மகரந்தம் தடவ ஒரு தூரிகை, இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு கையேடு. தொழிலாளருக்கும் இயற்கைக்கும் இடையே உறவை உண்டாக்குவதே நோக்கம் என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. எங்களுக்கும் இயற்கைக்கும் நடுவே இருந்த நிலத்தில்தான் ஃபேக்டரி கட்டியிருக்கிறார்கள் என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை.

நான் இசக்கிசெல்வி. ஒயர் சோதிக்கிற லைனில் கான்ட்ராக்ட். ஊர் விளாத்திகுளம் பக்கம். எங்கள் வீட்டில் மிளகாய்தான் போடுகிறார்கள். எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மிளகாய் பறிக்கத் தெரியும். எச்.ஆர். மேலாளர் சத்யப்பிரியா மேடம் செடி வளர்க்கும் பொறுப்புக்கு என்னைக் கூப்பிட்டபோது, இதற்காகத்தான் போலிருக்கிறது என்று நினைத்து, அதைச் சொல்லியும் விட்டேன்.

"ஓ, நைஸ்" என்றார் மேடம். "ஆனா அனுபவம் எல்லாம் வேணாம்மா. கையேட்டுல ஸ்டெப் ஸ்டெப்பா இருக்கு. ஊர்ப் பழக்கத்தைக் கொண்டுவந்து இதுல கலந்துடாதே, அது போதும். உன் கையெழுத்து நல்லா இருக்கு, அதான் உன்னைக் கூப்பிட்டேன்."

பதினோரு மாதத்துக்கு ஒருமுறை என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு வாரம் கழித்துப் புது ஆளாக எடுப்பார்கள். இப்படி மூன்று முறை புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். மூன்று முறையும் ஹெல்மெட் மாட்டுவது எப்படி என்ற வீடியோவைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறேன். இந்த மார்ச் முப்பத்தொன்றோடு மூன்றாவது கான்ட்ராக்ட் கார்டும் முடிகிறது. ஒயரைச் சோதிக்க மெஷின் வருகிறது, ஆகையால் நான்காவது கார்டு கிடையாது என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். ஒன்று பர்மனென்ட் ஆக வேண்டும், இல்லையென்றால் சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போக வேண்டும். ஊரில் எனக்காக ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார்கள். அவர் போட்டோவில் புல்லட்டின் மேல் சாய்ந்துகொண்டு நிற்பார். புல்லட் அவருடையது இல்லை.

"மார்ச் கடைசி வாரம் ஹெட் ஆபீஸ்ல இருந்து வர்றாங்க" என்றார் மேடம். "செடியில காய் தெரிஞ்சா பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேரை நானே எழுதுறேன்."

ஜனவரி முதல் வாரம் டிரெய்னிங் ஹாலில் வேலை ஆரம்பித்தது. அறை இருபத்தொரு டிகிரியில் இருக்க வேண்டும் என்றது கையேடு. ஒரகடம் அப்படியெல்லாம் இருந்து பழக்கமில்லாத ஊர், ஆகையால் இரவும் பகலும் ஏ.சி. போட்டார்கள். தட்டு இருபத்தெட்டு டிகிரியில் இருக்க வேண்டும் என்றது அடுத்த வரி. அதற்குச் சூடேற்றும் பாயைப் போட்டார்கள்.

கட்டடப் பராமரிப்பு சூப்பர்வைசர் ஜெபகுமார் அண்ணன் மணிமங்கலத்துக்காரர். அவர் ஏ.சி.யைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு ஜன்னலைத் தொறந்தா வெளிய இருபத்தெட்டுதான் கீது. இன்னா சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லலண்ணே. என்னைக் கையெழுத்துக்குத்தான் எடுத்திருக்காவ."

அவர் பேனாவை எடுத்தார். வெப்பநிலைப் பதிவேட்டில் அந்த மாதம் முழுவதற்கும் இருபத்தொன்று, இருபத்தொன்று என்று ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

தெற்குப் பார்த்த ஜன்னலோரம் தட்டை வைக்கச் சொல்லியிருந்தது. வைத்தோம். மின்சாரச் சிக்கனத்துக்காக அந்தக் கண்ணாடியில் போன வருஷம்தான் கறுப்பு ஃபிலிம் ஒட்டி அதற்கு விருதும் வாங்கியிருந்தார்கள். விருது வாங்கிய ஃபிலிமைக் கிழிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. பன்னிரண்டாம் நாள் நாற்று முளைத்தது. முளைத்த கையோடு வெளிச்சத்தைத் தேடி நூல் மாதிரி நீண்டு, தேடியது கிடைக்காமல் சாய்ந்துகொண்டது.

ஃபிப்ரவரி வந்ததும், இனி வெளியே வைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று மேடத்திடம் போய்ச் சொன்னேன். கையேட்டின் ஒன்பதாம் படி குறுக்கே நின்றது. உங்கள் ஊரில் கடைசி உறைபனி விழும் தேதி முடியும் வரை செடியை வெளியே எடுக்கக் கூடாது. அந்தத் தேதியைத் தலைமையகத்தின் சாஃப்ட்வேரில் ஏற்ற வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால் அது அடுத்த பக்கத்துக்குப் போகாது. 'இல்லை' என்று அடித்தால் சிவப்பாகிறது.

இதற்காக ஒரு மீட்டிங் போட்டார்கள். படித்தவர்கள் ஏழு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரகடத்தில் கடைசி உறைபனி என்றைக்கு விழும் என்று முக்கால் மணி நேரம் யோசித்தார்கள். ஒருத்தர் வானிலை ஆப்பைத் திறந்து பார்த்தார். வெளியே முப்பத்து நான்கு. கடைசியில் மேடம்தான் வழி கண்டார். மாதிரிப் படிவத்தில் மே பதினைந்து என்று இருக்கிறது, நம்முடையது வெப்ப நாடு, ஆகையால் ஒரு மாதம் சலுகை. ஏப்ரல் பதினைந்து என்று ஏற்றினார்கள். கட்டம் பச்சையானது. எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது, சமோசா சாப்பிட்டார்கள். வருகிறவர்கள் வருவது மார்ச்சில். அதுவரைக்கும் செடிக்கு வெயில் கிடையாது என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிய எனக்கு மினிட்ஸ் எழுதுகிற வேலை.

தட்டில் இருபத்து நான்கு குழிதான். மீதி முப்பத்தாறு விதையை அழித்துவிட்டு அழித்ததாக எழுத வேண்டும். நான் எழுதினேன். அழிக்கத்தான் கை வரவில்லை. ஜனவரியிலேயே ஒரு காகிதத்தில் மடித்துக் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற பாஞ்சாலி அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

"இன்னா பாப்பா இது?"

"வெளிநாட்டு மிளகாக்கா. பின்னால மண்ணுல சும்மா பாவி விடுங்க."

பாஞ்சாலி அக்கா வாலாஜாபாத்திலிருந்து விடிவதற்குள் பஸ் பிடித்து வருகிறவர். கேன்டீன் பின்னால் எண்ணெய் டின்களை வரிசையாக வைத்து, மண்ணும் அடுப்புச் சாம்பலும் போட்டு, விதையைத் தூவி, அரிசி கழுவின தண்ணீரை ஊற்றினார். அவ்வளவுதான் அவருடைய கையேடு. வெளிநாட்டு விதை அந்த டின்களில் உள்ளூர் மாதிரி வளர்ந்தது. மார்ச் முதல் வாரம் பூ. இரண்டாம் வாரம் பிஞ்சு.

அதே நேரத்தில் ஹாலில் மிச்சம் இருந்தவை ஐந்து. அவற்றின் இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது. பூவே வராத செடிக்காகத் தூரிகையை மட்டும் தினமும் ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்கி, சாயங்காலம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். புல்லட் மாப்பிள்ளை வீட்டில் நாள் பார்க்கலாமா என்று கேட்டதாக அம்மா போன் செய்தாள். மாதம் முடியட்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

தலைமையகத்திலிருந்து வருவது ஒரு வெள்ளைக்கார அம்மையார் என்று தெரிந்திருந்தது. அவர் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. ஜெபகுமார் அண்ணன் ஓ.டி.யில் இருந்தார், ஹால் சாவி அவரிடம். ஓ.டி. ஆட்களுக்காகக் கேன்டீனும் திறந்திருந்தது. நான் பாஞ்சாலி அக்கா முன்னால் போய் நின்றேன்.

"ஹால்ல இருக்கிறது செத்துப் போச்சுக்கா" என்றேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கு இன்னா இப்போ? உன் வேலை இதுலதானே கீது. எது வேணுமோ எடுத்துக்கினு போ."

நல்லதாக ஐந்து செடியை வேர் மண்ணோடு எடுத்தோம். கம்பெனி லோகோ போட்ட தொட்டிகளுக்கு மாற்றினோம். அக்காவே எடுத்துக் கொடுத்தார், இலைகளைத் துடைத்தும் விட்டார். இரண்டு செடியில் விரல் நீளத்துக்குக் காய் தொங்கியது.

அம்மையார் நல்ல மனுஷி. சிரித்த முகம், வெயிலில் சிவந்துபோன மூக்கு. குளிர்ந்த ஹாலுக்குள் நுழைந்ததும் அவருக்கு உயிர் வந்தது. காய்களை எண்ணினார், எட்டு. இலையைத் தொட்டுப் பார்த்து, எங்கள் கண்ணாடிக் கூடத்தில்கூட இவ்வளவு பச்சை வராது என்று ஆங்கிலத்தில் சொன்னார். பதிவேட்டைப் புரட்டினார். மூன்று மாதமாக இருபத்தொன்றை விட்டு அசையாத அறையைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மற்ற நாடுகளில் இந்த ஒழுங்கு இல்லையாம்.

"கையேட்டை எங்கேயாவது மீறினீர்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை" என்றேன். சத்யப்பிரியா மேடம் என் தோளில் கை வைத்தார். கை வைத்தது பட்டியலில் பெயர் எழுதிய மாதிரிதான் இருந்தது.

அதோடு அவர் காருக்குப் போயிருக்கலாம். கேன்டீன் பின்னால் இருக்கிற உரக்குழியைப் பார்க்க வேண்டும் என்றார். போனோம். குழியை அவர் பார்க்கவே இல்லை. பதினோரு எண்ணெய் டின்களைப் பார்த்தார். நிறைய காய். ஹாலில் இருந்ததைவிட நிறைய.

"இது அதே ரகம்தானே?"

மேடத்தின் முகம் மாறியது. போனை எடுத்து எதையோ தேடினார். "இன்னைக்குத் தேதி மார்ச் இருபத்தேழு" என்றார். "உறைபனித் தேதிக்கு முன்னாடி வெளியே செடி. அதுவும் கேன்டீன் பக்கத்துல, பர்மிஷன் இல்லாம. யார் வெச்சது இதை?"

அந்த வெயிலில் நின்றுகொண்டு அவர் அதைக் கேட்டார். கேட்கும்போது நெற்றி வியர்வையையும் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பாஞ்சாலி அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"நாந்தாம்மா வெச்சேன். குப்பையில கெடந்த விதை, எடுத்துப் போட்டேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

அம்மையார் என்ன என்று கேட்டார். மேடம் போனிலிருந்து கண் எடுக்காமல், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மொழிபெயர்க்கச் சொன்னார். அன்றைக்கு நான் சொன்னதிலேயே ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது அதுதான். கடைசி வாக்கியம் உட்பட.

மறுநாள் டின்களை அப்புறப்படுத்தினார்கள். அக்காவின் கேட் பாஸை நிறுத்தினார்கள். என் பெயர் பட்டியலில் வந்தது. அதே மெயிலில், நடந்த விதிமீறலுக்குக் காரணம் கண்டு எழுத வேண்டியது செடிப் பொறுப்பாளர் என்றும் வந்தது. எங்கள் கம்பெனியில் எது நடந்தாலும் ஐந்து 'ஏன்' எழுத வேண்டும். செடி ஏன் வெளியே இருந்தது, பாஞ்சாலி வைத்ததால். ஏன் வைத்தார், விதை கிடைத்ததால். ஏன் கிடைத்தது, அழிக்கப்படாததால். ஏன் அழிக்கப்படவில்லை. நான்காவது கேள்விக்குப் பதில் என் பெயர். அரை மணி நேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் 'பணியாளருக்குப் பயிற்சி போதாமை' என்று எழுதினேன். ஐந்தாவதிலும் அதையே வேறு வார்த்தையில் எழுதினேன். கையெழுத்து நன்றாகவே இருந்தது.

காரணம் பயிற்சி என்றால் பரிகாரமும் பயிற்சிதான். பாஞ்சாலிக்கு மிளகாய் வளர்ப்பில் ஒரு மணி நேர வகுப்பு. வகுப்பு முடித்துக் கையெழுத்துப் போட்டால்தான் பாஸ் மறுபடி திறக்கும். நடத்த வேண்டியவள் நான்.

ஒன்பது நாள் கழித்து அக்கா வந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். டிரெய்னிங் ஹாலில் அவர் ஒருத்தர்தான். குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தார். நான் இருபத்திரண்டு பக்கத்தையும் திரையில் காட்டினேன். ஒன்பதாம் படிக்கு வந்ததும் கை தூக்கினார்.

"உறைபனின்னா இன்னா பாப்பா?"

சொன்னேன். ராத்திரியில் இலை மேல் தண்ணீர் ஐஸாக உறையும், செடி கருகிவிடும், ஆகையால் ஏப்ரல் பதினைந்துக்கு முன்னால் வெளியே வைக்கக் கூடாது என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேலியாகத் தலையாட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். உண்மையாகவே கேட்டுக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவு வெட்கத்தை நான் அதற்கு முன்னால் பட்டதில்லை.

கடைசியில் படிவத்தை நீட்டினேன். 'இந்த வகுப்பில் நான் கற்றுக்கொண்டது' என்று மூன்று வரி காலியாக இருந்தது.

"எனக்கு எழுத வராது. நீயே எழுதிடு."

"என்னன்னு எழுதக்கா?"

"நான் தப்பா வளர்த்துட்டேன்னு எழுதிக்க" என்றார் அக்கா. "அதானே அவங்களுக்கு வேணும்?"

எழுதினேன். மை தடவிய கட்டைவிரலை அக்கா அதன் கீழே அழுத்தி வைத்தார். சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் என் புதுப் பணியாளர் எண்ணையும் எழுதினேன்.