வெட்டப்படாத கோபுரம்

எலாதியாவின் பின்னால் இருபத்தொரு சுற்றுலாப் பயணிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்கள். ஆகஸ்ட் மாதம் ஸ்பெயினின் காசெரஸ் நகரத்துப் பழைய மதிலுக்குள் காலை பத்தரைக்கே கல் சுடும். அவர்களில் பாதிப் பேர் கடற்கரைக்குப் போகிற ரப்பர் செருப்பில் வந்திருந்தார்கள். ஐந்நூறு வருஷத்துக் கல்தளத்தில் சளக் சளக் என்று நடந்தார்கள். அரண்மனை வாசல் ஒவ்வொன்றிலும் முதுகைக் காட்டி நின்று தங்களையே படம் பிடித்துக்கொண்டார்கள். இவர்களுக்கு ஒரு கோழிப்பண்ணையைச் சுற்றிக் காட்டினாலும் இதே சந்தோஷம்தான் என்று அவள் நினைத்தாள்.

அவளிடம் வழிகாட்டி உரிமம் கிடையாது. அதற்கான தேர்வு வியாழக்கிழமை. உரிமம் இல்லாமல் ஆள் கூட்டிப் போய்ப் பிடிபட்டால் மூன்று வருஷம் தேர்வறைப் பக்கம் தலைகாட்ட முடியாது. அதனால் மதிலின் வாசலான நட்சத்திர வளைவிலேயே, அவளைப் போன்ற எல்லோரும் சொல்வதை அவளும் சொல்லி வைத்திருந்தாள். "யாராவது கேட்டா நாம எல்லாரும் ஃப்ரெண்ட்ஸ். சும்மா நடந்து போறோம். சரியா?"

எல்லோரும் உற்சாகமாகத் தலையாட்டினார்கள். அவள் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. அவளும் அவர்கள் பெயரைக் கேட்கவில்லை. ஒருவர் பெயர் மட்டும் தெரியும், அவரே மூன்று தடவை சொல்லியிருந்தார்: தியோதோசியோ, வய்யதோலித் நகரில் குளியலறை ஓடு விற்று ஓய்வு பெற்றவர். சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அவளைத் திருத்தினார்.

"பொண்ணு, இது அரபிக்காரன் கட்டினது."

"இது பதினாறாம் நூற்றாண்டுங்க."

"கலவையப் பாத்தாலே தெரியுது. நாப்பது வருஷம் ஓடு வித்த கை இது."

சான் மத்தேயோ சதுக்கத்தில் ஒரு ஆள் நின்றிருந்தான். கழுத்தில் அட்டை, கையில் காகிதக் கட்டு. சுற்றுலா ஆய்வாளர் ஹெர்மோஹெனெஸ். போன மாதம்வரை பன்றிப் பண்ணைகளைச் சோதித்துக்கொண்டிருந்தவன், மாற்றலாகி வந்திருக்கிறான் என்று ஊர் முழுக்கத் தெரியும்.

"என்ன கூட்டம் இது?"

"ஃப்ரெண்ட்ஸ்," என்று இருபத்தொரு பேரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரிக் கத்தினார்கள்.

"ஓஹோ. இந்த அம்மா பேரு என்ன?"

பாதிப் பேர் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். ஒருத்தி வானத்தைப் பார்த்தாள்.

தியோதோசியோ முன்னால் வந்தார். "சார், இவளையா வழிகாட்டிங்கறீங்க? வளைவுல இருந்து நான்தான் இவளத் திருத்திக்கிட்டு வர்றேன். இவ வழிகாட்டின்னா நான் பிஷப்பு."

கூட்டம் சிரித்தது. எலாதியாவின் காது சூடேறியது. ஆனாலும் அந்தக் கிழவரை அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்குப் பிடித்தது.

"நான் வியாழக்கிழமை தேர்வு எழுதப் போறவ சார். இன்னும் ஒண்ணும் தெரியாது," என்றாள்.

"பாத்துருவோம்." ஆய்வாளன் பேனாவால் மேலே காட்டினான். "ஊர்ல மத்த கோபுரம் எல்லாம் தலை வெட்டுப்பட்டு நிக்குது. இந்த நாரைக் கோபுரத்த மட்டும் ஏன் வெட்டல?"

அவளுக்குத் தெரியும். கோபுரத்தில் எத்தனை கல் வரிசை என்பதுகூடத் தெரியும். சரியாகச் சொன்னால் மாட்டிக்கொள்வாள். இருப்பதிலேயே மட்டமான பதிலைத் தேடினாள்.

"நாரை கூடு கட்டியிருந்துச்சாம் சார். குஞ்சு இருக்கேன்னு பாவம் பாத்து விட்டுட்டாங்களாம்."

ஆய்வாளனின் முகம் மலர்ந்தது. "அதான பாத்தேன்! என் மாமியார் இதேதான் சொல்வாங்க. இவ்வளவு சரியா சொல்றீங்கன்னா படிச்ச வழிகாட்டிதான். பேரச் சொல்லுங்க."

பேனா தாளில் இறங்கியது. பின்னாலிருந்து நாலைந்து பேர் நாரைக் கதையைக் கைபேசியில் குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஆறு வருஷமாகப் படித்ததை விழுங்கி ஒரு பொய் சொன்னாள். அந்தப் பொய்யும் இவனுக்கு உண்மையாகிவிட்டது. அவளுக்குள் ஏதோ அறுந்தது.

"நாரையாவது மண்ணாவது! கோஷ்டி கட்டிச் சண்டை போட்ட பிரபுக்களோட கோபுரத்த வெட்டச் சொன்னது இசபெல் ராணி. இந்த வீட்டுப் பிரபு ஓவாண்டோ ராணி பக்கம் நின்னவன். அதனால இதுக்கு மட்டும் விலக்கு. நாரை அப்புறம் வந்து உக்காந்துச்சு. போதுமா? எழுதிக்கிங்க!"

ஆய்வாளன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நாரைக் கோபுரத்துல நாரை இல்லையா?"

"நான் சொல்லல?" என்றார் தியோதோசியோ. "காலைல இருந்து இப்படித்தான் சார், வாய்க்கு வந்தது."

குறித்துக்கொண்டவர்கள் ராணியைக் குறிக்கவில்லை. ஆய்வாளன் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தான்.

"மொதல்ல சொன்னது எங்கயோ காதுல விழுந்தது போல. நீங்க வழிகாட்டி இல்ல, போங்க." பிறகு இரக்கத்தோடு குரலைத் தாழ்த்தினான். "வியாழக்கிழமை விடைத்தாள் திருத்துற குழுவுல என்னையும் போட்டிருக்காங்க. இந்தக் கேள்விய நான்தான் குடுத்தேன். ராணி கீணின்னு எழுதித் தொலைச்சிராதீங்க."

அவன் அடுத்த சந்துக்குள் போய்விட்டான். தியோதோசியோ அதற்குள் கோபுரத்தடிக்குக் கூட்டத்தை நகர்த்தி, குஞ்சுகள் எத்தனை என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று குஞ்சாம்.

எலாதியா வெயிலில் நின்று பரீட்சைத் தாளை நினைத்துப் பார்த்தாள். வெற்று வரிகள் இரண்டு, நீலப் பேனா, எதிரே கடிகாரம். அவள் கை நாரையைத்தான் எழுதும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்காக, காலையிலிருந்து இளக்காரமாக நினைத்த அந்த இருபத்தொரு பேரோடு தன்னையும் சேர்த்துக்கொண்டாள்.