ஆட்டோவில் போகும் குரல்

புது குடிநீர் பைப் லைன் பட்டியலில் மிஷன் தெருவைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எழுதிக்கொண்டு போக அதிகாரி வந்து நின்ற நேரம் பார்த்துத்தான் அந்தப் பிரச்சார ஆட்டோ தெருவுக்குள் நுழைந்தது. ஒலிபெருக்கியில் ஜெனிஃபாவின் குரல்.

"நான் ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்குப் போற பொம்பள. எங்க தெருவுக்கு நல்ல தண்ணி வந்துடுச்சு!"

போர்க் குழாயடியில் நின்றிருந்த ஜெனிஃபாவுக்குக் காது மடல் சுட்டது.

ஞாயிறுதோறும் மாதா கோயிலில் வேதபாடம் வாசிக்கிற குரல் அது. அதைக் கேட்டுத்தான் பத்து நாளைக்கு முன்னால் ஆளுங்கட்சிக்கார முத்துக்குமார் பிரச்சாரம் எழுதிய தாளோடு வீட்டுக்கு வந்தான். அவள் கேட்கத்தான் செய்தாள்.

"இன்னும் வர்லியேப்பா?"

"வந்த மாதிரி சொல்லுக்கா. ஊரே கேட்டுச்சின்னா, பொய்யாவக் கூடாதுன்னாவது பைப்பு போட்டுத்தான ஆவணும்?"

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு இறங்கிய போர்த் தண்ணீரில் சோறு மஞ்சளாக வேகிறது, பிள்ளைகளுக்குச் சொறி ஆறுவதில்லை. பன்னிரண்டு வருஷம் மனு எழுதிக் கை ஓய்ந்தவர்களுக்கு எதுவும் நியாயமாகத்தான் படும். அவன் செல்போனில் பதிய, ஒரு பிசிறில்லாமல் வாசித்துக் கொடுத்தாள்.

"இன்னாடி ஜெனி, உன் வூட்டுக்கு மட்டும் வந்துடுச்சா? எங்களுக்கும் ஒரு கொடம் குடேன்!" என்றாள் பக்கத்து வீட்டு ஜஹீருன்னிசா. பெண்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

"யாரும்மா பேசறீங்க?"

வழக்கம்போல ஜெனிஃபாவைத்தான் முன்னால் தள்ளினார்கள். தெருவில் தெளிவாகப் பேசத் தெரிந்தவள் அவள்தான்.

"சார், இது குடிக்கற தண்ணி இல்ல சார். தோல் ஷாப்புத் தண்ணி எறங்கி..."

அதிகாரியின் பேனா நின்றது. ஆட்டோவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அது நீங்கதானேம்மா?"

"அது... அவங்க எழுதிக் குடுத்தாங்க சார்."

"அப்ப இது யார் எழுதிக் குடுத்தது?"

அவள் வாயைத் திறந்தாள். எதைச் சொன்னாலும் இனி அது வாசிக்கிற மாதிரிதான் கேட்கும் என்று தோன்றியது. இருந்தும் குரலை உயர்த்தினாள். ஆட்டோவிலிருந்த ஜெனிஃபா அவளைவிட உரக்கப் பேசினாள்.

சிரித்துக்கொண்டிருந்த ஜஹீருன்னிசா ஒரு தம்ளரைக் குழாயில் பிடித்து அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவருடைய கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போயின. தம்ளரில் நுரை அடங்காமல் நின்றது.