நயினார் கடைத் தராசு

ஐம்பத்துமூன்றாம் வருஷம் சாலைக் கடைத்தெருவில் மிளகு வியாபாரி நயினார் பிள்ளைக்குப் பளுதூக்கும் பைத்தியம் பிடித்தது. தூக்குவது அவரல்ல, கடையில் மூட்டை சுமக்கும் கோலப்பன். "கோப்பை நம்ம கடை அலமாரியிலதான்" என்று தம்பானூர் வரை தம்பட்டம் அடித்தாயிற்று. இனித் தோற்றால் தெருவில் தலைகாட்ட முடியாது.

ஒரே ஒரு சிக்கல். கோலப்பனின் எடை நூற்று முப்பத்திரண்டு ராத்தலைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அடுத்த பிரிவு. அங்கே போலீஸ்காரன் தங்கப்பன் இருக்கிறான், அவனை ஜெயிக்க இந்த ஊரில் ஆளில்லை.

ஆனால் பலம் வேண்டுமே! விடிந்தால் உளுந்தங்களி, நடுவில் குளம்போல நல்லெண்ணெய். அப்புறம் நாலு ஏத்தன்பழம். சுறா எண்ணெய் இரண்டு கரண்டி. பரம சைவரான நயினார் பிள்ளை, வீட்டுக்குத் தெரியாமல் கடைப் பின்கட்டில் நின்று தன் கையாலேயே பச்சை முட்டை உடைத்து ஊற்றினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

தினமும் கோலப்பனைத் தராசில் ஏற்றுவார். மலைக்காரர்களிடம் மிளகு வாங்கும் பெரிய தராசு அது. மூன்று வருஷத்துக்கு முன்பு அவரே அதில் ஒரு கைவேலை செய்து, எதையும் கொஞ்சம் குறைத்தே காட்டும்படி வைத்திருந்தார். நாளாவட்டத்தில் அவருக்கே அது மறந்துவிட்டது.

"நூத்தி முப்பதுதாம்ல! தின்னதெல்லாம் எங்க போவுது? இன்னும் எடமிருக்கு, தின்னு."

"வேட்டி சுத்துக்குப் பத்த மாட்டேங்கு, மொதலாளி."

"வேட்டி சுருங்கியிருக்கும். வாயை மூடிட்டுத் தின்னுல."

போட்டி நாளன்று மைதானத்துத் தராசில் கோலப்பன் ஏறினான். நூற்று முப்பத்தொன்பது.

நயினார் பிள்ளை குதித்தார். "உங்க தராசு கேடாக்கும்! இன்னைக்குக் காலத்தே என் கடையில நூத்தி முப்பது. சாலையில யாரை வேணும்னாலும் கேளும், என் தராசு பொய் சொல்லாது!"

சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் கைவேலை ஞாபகம் வந்தது.

"அப்போ இந்த ஒன்பது ராத்தல் எங்கேருந்து வந்தது?" என்றார் நடுவர் நாகேஸ்வரன்.

"அது... பயல் வர்ற வழியில தின்னுட்டான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வித்துரா மலையிலிருந்து மிளகு விற்க வந்த சத்தியதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. காலையில் நயினார் கடையில் மிளகை நிறுத்து, விலை படியாமல், மூட்டையும் தலையுமாகப் போட்டி பார்க்க வந்தவன் அவன். மூட்டையை மைதானத்துத் தராசில் மெல்ல இறக்கிவைத்து முள்ளைப் பார்த்தான்.

"மொதலாளி, இது காலத்தே உங்க தராசுல அறுவது ராத்தல். இங்க அறுவத்தி நாலு. இதும் வர்ற வழியில தின்னுச்சா?"