மரகதவல்லி வீட்டை விட்டுப் போன விதம்

எட்டு மணி சீரியல் ஓடும்போது ஆந்திர எல்லையோரம் இருக்கும் நகரி ஊரில் விசைத்தறிகள் தாமாகவே நின்றுவிடும். கரண்டே கண்ணைத் துடைத்துக்கொள்ளப் போய்விடும் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. அந்தச் சீரியலின் நாயகி மரகதவல்லியை வைத்துத்தான் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வேதாச்சலம் இரண்டு வருஷமாகச் செல்போனில், சீரியலின் ரசிகர் குழுவில், தனிக்கதை எழுதிவந்தார். சீரியலில் அவள் புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டே இருந்தாள். இவர் முப்பத்தெட்டாம் அத்தியாயத்தில் அவளை வீட்டை விட்டு வெளியேற்றிவிட்டார்.

வந்து குவிந்த திட்டில் போன் சூடாகி, அதன்மேல் வைத்த காபி மதியம்வரை ஆறவில்லை. அந்தக் குழுவை நடத்தும் பிரமிளா திருப்பதியிலிருந்து கூப்பிட்டாள்.

"நம்ம மரகதம் அப்பிடிப் பண்ணுவாளா சார்? சாயங்காலத்துக்குள்ள அத எடுத்துடுங்க. இல்லன்னா உங்க கதையே குழுவுல இருக்காது."

அழிக்க விரலை வைத்தபோது பக்கத்துத் தெரு யசோதா, தறியிலிருந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து நின்றாள்.

"அவ போனது தப்பில்ல மாமா. போன விதந்தான் தப்பு. பத்து வருசம் வாயே தொறக்காதவ தாலிய விட்டெறிஞ்சி ரெண்டு பக்கம் வசனம் பேசறா. அதுவரைக்கும் அவன் இன்னா, பாக்கு மென்னுக்கினு நிப்பானா?"

"அப்ப எப்பிடிப் போவா?"

"நான் போனப்ப மொதல்ல ஸ்கூலுக்குப் போயி பொண்ணோட டி.சி. வாங்கிக்கினேன். அது இல்லன்னா வேற ஊர்ல சேத்துக்க மாட்டாங்க. பால்காரன்கிட்ட நாளைலேர்ந்து அரை லிட்டர் போதும்னேன். புருசனுக்குச் சோறாக்கி மூடிட்டு, புத்தூர் பஸ் ஏறி இந்த ஊருக்கு வந்துட்டேன்."

"சோறு வேற ஆக்கினியா?"

"கோவத்துலயும் கை தானா அரிசி கழுவுது மாமா, இன்னா பண்ண?"

முப்பது வருஷம் அந்த பஸ்ஸை ஓட்டியவர் வேதாச்சலம். கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைத்தான் பார்த்திருக்கிறார், உள்ளே உட்கார்ந்திருந்தவர்களை இல்லை. வசனம் முழுவதையும் அழித்துவிட்டு, யசோதா சொன்னபடியே எழுதி, ஐந்து மணிக்குப் போட்டார்.

பிரமிளா கூப்பிட்டாள்.

"டி.சி. வாங்கிட்டாளா சார்? அப்ப போவா. கதை இருக்கட்டும்."

திட்டு குறையவில்லை, புருஷன் பக்கம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

"உன் பேரப் போட்டு நன்றின்னு எழுதட்டுமாம்மா?" என்று யசோதாவைத் தேடிப் போய்க் கேட்டார்.

"ஐயோ, பேரெல்லாம் வேணா மாமா!"

'சொல்லிக்கொடுத்த தாயே, உனக்கு நன்றி' என்று மட்டும் கடைசியில் சேர்த்தார். மறுநாள் பார்த்தால் விஜயபுரம், வரதய்யபாளையம், கங்காதர நெல்லூர் என்று பல ஊர்களிலிருந்து பதினேழு பெண்கள், ஒவ்வொருத்தியும் தனக்கே சொன்ன நன்றியாக எடுத்துக்கொண்டு, 'நன்றியெல்லாம் எதுக்கு, இருக்கட்டும் சார்' என்று பதில் போட்டிருந்தார்கள்.